தாவும் குரங்கும் தயங்கும் தேவாங்கும்: உட்செவி பற்றிய வாசகர் கேள்விகள்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கிடைத்த லுஃபெங்பிதிக்கஸ் என்னும் தொல் மனிதக்குரங்கின் உட்செவியை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குரங்குகளின் உட்செவி காலப்போக்கில் எவ்வாறு வடிவம் மாறி வந்தது என்று பொதுவாகக் கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், சிலவற்றை இணைத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே கடவூரில் தேவாங்குகளுக்கெனச் சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். தேவாங்கு மெல்ல நகர்கிறது, குரங்கோ கிளைக்குக் கிளை தாவுகிறது. இந்த வேறுபாட்டைக் காதுக்குள்ளேயே காணலாம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். காதுக்கும் தாவலுக்கும் என்ன தொடர்பு?
(பள்ளி மாணவி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: ஆசிரியர் சொன்னது சரியே. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில் வாழும் தேவாங்கு, குரங்கு அன்று. குரங்கு, மனிதக்குரங்கு, மனிதன், மடகாஸ்கர் தீவின் லெமூர், தேவாங்கு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பிரைமேட் என்னும் பெரிய வரிசையில், குரங்குகளின் கிளையிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன வேறொரு கிளையைச் சேர்ந்தது அது.

உட்செவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா கேட்பதற்கானது. அதற்கு அடுத்து, ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. இவை தலை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உணர்வதற்கானவை. நீர் நிறைந்த செம்பைக் கையில் பிடித்துச் சட்டென்று திருப்பினால், செம்பு உடனே திரும்பிவிடும், உள்ளே இருக்கும் நீர் சற்றுப் பின்தங்கும். குழல்களுக்குள் இருக்கும் திரவமும் தலை திரும்பும்போது அவ்வாறே பின்தங்கி, குழலின் வீங்கிய முனையில் குறுக்கே நிற்கும் கூழ் போன்ற மெல்லிய தடுப்பை வளைக்கிறது. அந்த வளைவைத் தடுப்பின் அடியிலுள்ள மயிர்செல்கள் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. அந்தச் செய்தி சுமார் 10 மில்லிநொடிக்குள் கண் தசைகளைச் சென்றடைந்து, தலை வலப்புறம் திரும்பினால் கண்ணை அதே அளவு இடப்புறம் திருப்பிவிடுகிறது. இதனால்தான், தாவும்போது தலை எவ்வளவு குலுங்கினாலும் அடுத்து பற்ற வேண்டிய கிளையின் உருவம் குரங்கின் விழித்திரையில் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறது.

குழலின் வளைவு ஆரம் பெரிதாக இருந்தால், மற்றவை மாறாதிருக்கும்போது, அதன் உணர்திறனும் கூடும். 2007இல் ஃப்ரெட் ஸ்பூர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 91 பிரைமேட் இனங்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களின் குழல்களை அளந்து, உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேகமாகவும் துள்ளியும் இயங்கும் இனங்களுக்கு அவற்றின் எடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிடப் பெரிய குழல்களும், மந்தமாக இயங்குபவற்றுக்குச் சிறிய குழல்களும் இருப்பது தெரியவந்தது. தேவாங்கின் உறவான ஆப்பிரிக்கப் புஷ்பேபி தவளையைப் போல் துள்ளிச் செல்லும் விலங்கு; அதன் குழல்கள் பெரியவை. கிளையை இறுகப் பிடித்தபடி ஓசையின்றி ஊர்ந்து பூச்சிகளை வேட்டையாடும் தேவாங்கு வகைகளுக்கோ அவை சிறியவை. நெருங்கிய உறவினரான இரு விலங்குகளுக்கிடையே இத்தகைய வேறுபாடு காணப்படுவதுதான் இந்தத் தொடர்புக்கு மிக நல்ல சான்று.

கேள்வி: காது மென்மையான உறுப்பு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறந்த குரங்கின் உட்செவி எவ்வாறு எஞ்சியிருக்கும்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எஞ்சியிருப்பது உறுப்பு அன்று, அது இருந்த வெற்றிடம். உட்செவியின் சவ்வுகளும் திரவமும் மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள, பாறை போல் இறுகிய ஒரு பகுதிக்குள் பொதிந்திருக்கின்றன. உடலிலேயே மிகக் கடினமான எலும்பு இதுதான். ஆகவே முகமும் தாடையும் நொறுங்கிப்போன மண்டையோடுகளில்கூட இப்பகுதி மட்டும் தப்பிவிடுவதுண்டு. சவ்வுகள் அழிந்தாலும் அவை இருந்த குடைவு தன் வடிவம் மாறாமல் நிற்கும்.

அந்தக் குடைவைக் காண்பதற்கு முன்பெல்லாம் எலும்பையே பலியிட வேண்டியிருந்தது. வியன்னாவின் உடற்கூறியலாளர் யோசஃப் ஹிர்ட்ல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் குடைவை நிரப்பி வார்ப்பெடுத்தார். கிளாஸ்கோ நகரின் காது மருத்துவர் ஆல்பர்ட் கிரே 1907, 1908 ஆண்டுகளில் குரங்குகள் உட்படப் பல விலங்குகளின் உட்செவிகளைப் பதப்படுத்திப் படங்களுடன் வெளியிட்டார். அரிய தொல்லெச்சங்களுக்கு இத்தகைய வழிகள் எவையும் உதவா. கிடைத்த ஒரே மண்டையோட்டை உடைக்க எவரும் ஒப்பமாட்டார்கள். சி.டி. ஸ்கேனும், பின்னர் மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளையும் பிரித்துக் காட்டும் மைக்ரோ சி.டி. கருவியும் வந்த பிறகே இத்துறை வளர்ந்தது. குழல்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் எடுத்து, ஒரு விலங்கின் வடிவம் மற்றொன்றின் வடிவமாக மாற எந்தெந்த இடத்தில் எவ்வளவு நீள வேண்டும், எவ்வளவு தடிக்க வேண்டும் என்று இப்போது கணக்கிட முடிகிறது.

இந்த எலும்புக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. உட்செவி பிறப்பதற்கு முன்பே தன் முழு அளவை எட்டிவிடுகிறது. அதன் பின் வளர்வதில்லை. எனவே குட்டியின் எலும்பு கிடைத்தாலும் முதிர்ந்த விலங்கோடு நேரடியாக ஒப்பிடலாம். பிரான்ஸ் நாட்டின் ஆர்சி-சூர்-கூர் குகையில் கிடைத்த ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையின் பொட்டெலும்பை, அதன் உட்செவி வடிவத்தைக் கொண்டே நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்தது என்று 1996இல் அடையாளம் கண்டார்கள். பல்லையோ கால் எலும்பையோ வைத்துக்கொண்டு அந்த வயதில் அவ்வளவு உறுதியாகச் சொல்வது கடினம்.

கேள்வி: வெளிக்காது மடல் பெரிதாக இருக்கும் குரங்குக்கு உட்செவியும் பெரிதாக இருக்குமா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இருக்க வேண்டியதில்லை. மடல் ஒலியைத் திரட்டுகிறது, அது வரும் திசையை அறிய உதவுகிறது. அதன் அளவைக் கொண்டு அரைவட்டக் குழல்களைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது.

கேள்வி: அப்படியானால், குரங்குகளின் பரிணாமத்தில் உட்செவி எவ்வாறு மாறிவந்திருக்கிறது? முதற்குரங்குகள் இன்றைய குரங்குகளைப் போலவே துள்ளித் திரிந்தனவா?
(கல்லூரி விரிவுரையாளர், கோயம்புத்தூர்)

பதில்: துள்ளித் திரிந்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவோம். எலும்புகள் அதற்கு மாறான விடையைத் தருகின்றன. 2012இல் டிமதி ரையன் குழுவினர், குரங்குகளும் மனிதக்குரங்குகளும் அடங்கிய கிளையைச் சேர்ந்த 16 தொல்லினங்களின் குழல்களை அளந்து, கடந்த மூன்றரைக் கோடி ஆண்டுகளின் வரலாற்றை வரைந்து பார்த்தார்கள். இக்கிளையின் மிகப் பழைய உறுப்பினர்களுக்குக் குழல்கள் சிறியவையாக இருந்தன. அதாவது நிதானமாக நகர்வதே தொடக்க நிலை என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இக்கிளையின் ஆதி வரலாற்றை அறிய எகிப்தின் ஃபாயூம் பாலைநிலம் முக்கியமானது. இன்று மணல்வெளியாகத் தெரியும் அந்நிலம் அன்று வெப்பமண்டலக் காடாக இருந்தது. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈஜிப்டோபிதிக்கஸ் என்னும் தொல்குரங்கின் மண்டையோடுகள் அங்கேதான் கிடைத்தன.

தென் அமெரிக்காவில் நிலைமை வேறு. அக்கண்டத்துக் குரங்குகளின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் வெள்ளத்தில் பெயர்ந்து மிதந்து வந்த மரத்திட்டுகளின் மேல், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்திருக்க வேண்டும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. (கதை போலத் தோன்றினாலும், இரு கண்டங்களும் அதற்கு மிக முன்பே பிரிந்துவிட்டதால் இதைவிட நம்பத்தக்க வழி இன்னும் முன்வைக்கப்படவில்லை.) அங்கே மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை) வாழ்ந்த குரங்குகள், அவற்றுக்கு முந்திய ஆப்பிரிக்க இனங்களைவிடச் சுறுசுறுப்பானவையாக இருந்தன என்று அதே ஆய்வு காட்டுகிறது. சிலி நாட்டின் ஆண்டிஸ் மலையில் கிடைத்த, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை கொண்ட சிலெசீபஸ் மண்டையோட்டின் உட்செவியும் சி.டி. மூலம் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது.

இன்றைய புதிய உலகக் குரங்குகளை, அதாவது அமெரிக்கக் கண்டங்களின் குரங்குகளைப் பார்த்தால், உட்செவியின் வடிவத்தைப் படிப்பது ஏன் எளிதன்று என்பது விளங்கும். சுமார் 100 கிராம் எடையுள்ள குட்டை மார்மோசெட் மரப்பட்டையைத் துளைத்துப் பிசினைத் தின்று வாழ்கிறது. அதைப்போல் பல பத்து மடங்கு எடையுள்ள ஊளைக்குரங்கு இலையைத் தின்றுவிட்டு நாளின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கிறது. சிலந்திக்குரங்கு கைகளாலும் வாலாலும் தொங்கி ஊசலாடிச் செல்கிறது. சாக்கிக் குரங்கு செங்குத்தான மரத்திலிருந்து மரத்துக்குப் பாய்கிறது. ஆந்தைக்குரங்கு இரவில் இயங்குகிறது. இவை அனைத்தும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. இவற்றின் உட்செவிகள் வேறுபடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு தாவும் முறையால் வந்தது என்று கேட்பதற்கு முன், வேறு இரண்டு பங்குகளைக் கழித்தாக வேண்டும்.

ஒன்று உடல் அளவு. விலங்கு பெரிதாகும் அளவுக்குக் குழல்கள் பெரிதாவதில்லை. எடை ஆயிரம் மடங்கு கூடினாலும் குழலின் ஆரம் இரண்டு மூன்று மடங்குக்குள்தான் கூடுகிறது. ஆகவே சிறிய குரங்கின் தலைக்குள் உட்செவி பெரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பெரிய குரங்கிடம் அது எலும்புக்குள் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுகிறது. இந்த நெருக்கடியே காக்ளியாவும் குழல்களும் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில், எந்தச் சாய்வில் அமைகின்றன என்பதை ஓரளவு தீர்மானிக்கிறது. மற்றொன்று மரபு. நெருங்கிய உறவுள்ள இனங்களின் உட்செவிகள், அவற்றின் வாழ்க்கை முறை மாறிய பிறகும், ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ உர்சியுவோலி குழுவினர் 2020இல் குரங்குகள், மனிதக்குரங்குகள், மனிதர் ஆகியோரின் குழல்களை முப்பரிமாண முறையில் ஒப்பிட்டு, அந்த வடிவத்தில் மரபின் தடம் மிக வலுவாகப் பதிந்திருப்பதைக் காட்டினார்கள். ஒரு குழலைக் கண்ட மாத்திரத்தில் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவது, அந்த விலங்கு எப்படி நடந்தது என்று சொல்வதைவிட எளிது என்பதே என் கருத்து.

இயற்கைத் தேர்வின் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே தென் அமெரிக்கக் காடுகள் காட்டுகின்றன. குரங்குகளுக்கு அருகிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் மூவிரல் சோம்பற்கரடியின் (ஸ்லாத்; இது கரடி அன்று) குழல்கள், ஒரே இனத்துக்குள்ளேயே ஒவ்வொரு விலங்குக்கும் வெகுவாக மாறுபடுகின்றன என்று 2012இல் கண்டறிந்தார்கள். அரிதாகவும் மெதுவாகவும் மட்டுமே நகரும் விலங்குக்குக் குழலின் துல்லியம் அவ்வளவாகத் தேவைப்படாததால், வடிவம் கட்டுப்பாடின்றி அலைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வேகமாக இயங்கும் குரங்குகளிடம் அத்தகைய தளர்வைக் காண முடியாது.

கேள்வி: கேட்கும் திறனிலும் குரங்குகள் இவ்வாறு மாறியிருக்கின்றனவா? மனிதனைவிடக் குரங்குக்குக் காது கூர்மை என்கிறார்களே?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: கூர்மை என்பதைவிட எல்லை வேறு என்பது பொருந்தும். இளம் வயது மனிதனுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மக்காக் வகைக் குரங்குகளின் மேல் எல்லை அதைக் கடந்து 35,000, 40,000 ஹெர்ட்ஸ் அளவுக்குச் செல்கிறது. ஆனால் தாழ்ந்த ஒலிகளில் மனிதனே தேர்ந்தவன். பிரைமேட்டுகளில் காக்ளியாவின் கன அளவு கூடக்கூடக் கேட்கும் எல்லை தாழ்ந்த ஒலிகளை நோக்கி நகர்கிறது என்று 2009இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று காட்டியது. காக்ளியாவுக்குள் ஒலிக்கேற்ப அதிரும் சவ்வின் நீளம் மனிதனிடம் சுமார் 35 மில்லிமீட்டர், மக்காக் குரங்கிடம் சுமார் 25 மில்லிமீட்டர்.

உயர்ந்த ஒலிகள் சிறிய விலங்குக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் அதன் தலை. இரு காதுகளுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும்போது, ஒலி இரண்டையும் வந்தடையும் நேர வேறுபாடு மிகச் சிறிதாகிவிடுகிறது. திசையை அறிய, தலை மறைக்கக்கூடிய குறுகிய அலைகள், அதாவது உயர்ந்த ஒலிகள் வேண்டும். உடல் பெருத்த இனங்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. ஆகவே இங்கும் உடல் அளவே முதலில் வந்து நிற்கிறது. காட்டில் தொலைவிலிருந்து அழைத்துக்கொள்ளும் பழக்கம் போன்றவை அதற்கு அடுத்தே வருகின்றன.

கேள்வி: லுஃபெங்பிதிக்கஸின் உட்செவியிலிருந்து மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய வரலாறு தெரிந்துவிட்டது என்று செய்திகளில் படித்தேன். இதை நம்பலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: ஆய்வு நல்ல ஆய்வு, தலைப்பிட்டவர்கள்தாம் அதைவிட வேகமாக ஓடிவிட்டார்கள். எழுபது, எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்கின் குழல்களை இன்றைய குரங்குகள், மனிதக்குரங்குகளோடு ஒப்பிட்டு, மனிதக்குரங்குகளின் தொடக்க இயக்கம் கிப்பன் என்னும் சிறிய மனிதக்குரங்கை ஒத்திருந்தது என்றும், பின்னர் ஏறுதல், தொங்குதல், நான்கு காலில் நடத்தல், சில வேளைகளில் கிளை மேல் இரு காலில் நிற்றல் ஆகிய எல்லாம் கலந்த ஒரு நிலை வந்தது என்றும், அதிலிருந்தே மனிதனின் நடை தோன்றியது என்றும் ஆய்வாளர்கள் முன்மொழிகிறார்கள். முன்மொழிவு என்ற அளவில் இது சிந்திக்கத்தக்கது. குழலைக் கொண்டு நடையை உறுதி செய்துவிட்டோம் என்று கொள்ளத்தான் தயக்கமாக இருக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் பழைய அனுபவம்.

1994இல் ஸ்பூரும் உடன் ஆய்வாளர்களும், மனிதனுக்கு மூன்று குழல்களில் முன்குழலும் பின்குழலும் பெரிதாக இருப்பதை நிமிர்ந்த நடையோடு இணைத்தார்கள். மனிதனின் பழங்கால உறவினமான, தென்னாப்பிரிக்காவின் ஆஸ்ட்ராலோபித்தேகஸின் குழல்கள் இன்றைய பெரிய மனிதக்குரங்குகளுடையவை போலவே இருந்தன. மனித வடிவம் முதன்முதலில் ஹோமோ எரெக்டஸ் என்னும் பிற்காலத் தொல்மனித இனத்திடம்தான் தென்பட்டது. ஆனால் தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் இருக்கின்றன. 1978இல் மேரி லீக்கி குழுவினர் கண்டெடுத்த அந்தத் தடங்கள் 36 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றைப் பதித்தவை ஆஸ்ட்ராலோபித்தேகஸ் வகையினவாகவே பெரும்பாலும் இருக்க வேண்டும். அவை இரு காலில் நடந்தன என்பதில் ஐயமில்லை. அப்படியென்றால் ஒரு விலங்கு நிமிர்ந்து நடந்துகொண்டே மனிதக்குரங்கின் குழல்களை வைத்திருக்க முடியும். அவை மரங்களையும் முற்றாகக் கைவிடவில்லை என்று சொல்லி இதை விளக்கலாம்தான். ஆனால் விளக்கம் தேவைப்படுகிறது என்பதே குழல் தனியாக நின்று சாட்சி சொல்லாது என்பதைக் காட்டுகிறது.

அளவின் மீது இருந்த நம்பிக்கைக்கும் ஓர் அடி விழுந்தது. "சுறுசுறுப்பு" என்று ஆய்வாளர்கள் தந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் பார்வையாளரின் கணிப்புகளே. எவரும் தலையின் வேகத்தை அளக்கவில்லை. 2012இல் மைக்கேல் மாலின்சாக் குழுவினர் லெமூர் கிளையைச் சேர்ந்த விலங்குகளின் தலை அசைவை நேரடியாக அளந்தார்கள். உடல் எடையையும் மரபையும் கணக்கில் கொண்ட பிறகு, தலையின் வேகத்தோடு பொருந்தியது குழலின் ஆரம் அன்று, மூன்று குழல்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு துல்லியமாக 90 பாகைக் கோணத்தில் நிற்கின்றன என்பதே. தலையை வேகமாகத் திருப்பும் விலங்குக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவு உணர்திறன் வேண்டியிருக்கிறது. செங்கோண அமைப்பு அதைத் தருகிறது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 2007ஆம் ஆண்டு முடிவை இது முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் ஆரத்தை மட்டும் அளந்து தொல்குரங்கின் வேகத்தைச் சொன்ன கட்டுரைகளை, மேலே நான் குறிப்பிட்ட ரையன் ஆய்வு உட்பட, இனிமேல் கோணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மரபைப் பற்றிய முடிவுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த ஹிஸ்பானோபிதிக்கஸ், ஹங்கேரியில் வாழ்ந்த ருடாபிதிக்கஸ் ஆகிய மனிதக்குரங்குகளின் குழல்கள் கொரில்லா, சிம்பன்சி ஆகியவற்றின் குழல்களையே மிகவும் ஒத்திருந்தன, ஒராங்குட்டானை ஒத்திருக்கவில்லை. உடனே அவற்றை ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளின் உறவினர் என்று அறிவித்துவிடத் தோன்றும். 2021இல் உர்சியுவோலி குழுவினர் அவ்வாறு அறிவிக்கவில்லை. பெரிய மனிதக்குரங்குகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதையின் குழல்களைக் கணக்கிட்டு வரைந்தபோது, அதுவும் ஏறக்குறைய அதே வடிவில் வந்தது. மூதாதையிடமிருந்து மாறாமல் வந்த பண்பு இருவரிடம் இருப்பதால் அவர்கள் நெருங்கிய உறவினர் ஆகிவிடமாட்டார்கள். தனியாக மாறியது ஒராங்குட்டான்தான். எனவே அந்த இரு இனங்களின் இடம் இன்னும் முடிவாகவில்லை என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள்.

லுஃபெங்பிதிக்கஸையும் இந்த அளவுகோலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அதன் குழல்களில் எவ்வளவு முன்னோரின் சொத்து, எவ்வளவு உடல் அளவின் விளைவு, எவ்வளவு அதன் சொந்த நடை என்பதைப் பிரிக்க, அதே காலத்து மண்டையோடுகள் இன்னும் பல ஸ்கேன் செய்யப்பட வேண்டும். இடுப்பு, தொடை, கால் எலும்புகள் அதே கதையைச் சொல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.